ஆற்றோரத் தொகுதி

ஜாக்சனிலிருந்து 49ஆம் நெடுஞ்சாலையில் வடமேற்காகப் போகும்போது யாஸூ நகரத்தில் குன்றுகள் சட்டென்று முடிந்துவிடுகின்றன. ஓர் இறக்கம், ஒரு வளைவு, அதோடு சரி. அதற்கப்புறம் நிலம் சாணி மெழுகிய தரை போல மட்டமாகக் கிடக்கிறது. வானம் இரண்டு மடங்கு பெரிதாகிவிட்ட மாதிரி இருக்கிறது. பருத்தி, சோயா, நெல், நடுநடுவே கெளுத்தி மீன் வளர்க்கும் சதுரக் குளங்கள். இதைத்தான் அந்த ஊர்க்காரர்கள் 'டெல்டா' என்கிறார்கள். ஆறு கடலில் கலக்கும் இடம் அல்ல இது; கடல் தெற்கே வெகுதூரத்தில் இருக்கிறது. மிசிசிப்பிக்கும் யாஸூவுக்கும் இடையே, சுமார் 200 மைல் நீளத்துக்கு வெள்ளம் ஆண்டாண்டு காலமாகக் கொண்டுவந்து கொட்டிய வண்டல்.

வேலை நிமித்தமாக ஜாக்சனில் தங்கியிருந்தபோது ஒரு நீண்ட விடுமுறையில் இந்தச் சாலையில் தனியாகக் கிளம்பினேன். பக்கத்து இருக்கையில் ஒரு காகித வரைபடம். முதல் நாள் இரவு சமையலறை மேசையில் அதை விரித்து, மிசிசிப்பி மாநிலத்தின் இரண்டாவது தொகுதியின் எல்லையைப் பென்சிலால் வரைந்திருந்தேன். அமெரிக்கப் பிரதிநிதிகள் சபைக்கு இந்த மாநிலம் அனுப்பும் நான்கு உறுப்பினர்களில் ஒருவர் இங்கிருந்து போகிறார். மேற்குப் பக்கம் வரைவது எளிது, ஆறே எல்லை. ஜாக்சன் நகரத்துக்கு வந்ததும் கை தடுமாறியது. நகரத்தின் பெரும்பகுதியை உள்ளே இழுத்துக்கொண்ட கோடு, வெள்ளையர் அதிகம் வாழும் வடகிழக்குத் தெருக்களை வெளியே விட்டுவிட்டு வளைந்து போகிறது. அழித்து அழித்து அந்த இடத்தில் காகிதம் நைந்துவிட்டது.

மாநில மக்களில் கறுப்பினத்தவர் சுமார் 38 சதவீதம். அவர்கள் பெரும்பான்மையாக இருப்பது இந்த ஒரு தொகுதியில் மட்டும். நம் ஊர்த் தனித் தொகுதி போன்றது அல்ல இது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம்மிடம் யார் போட்டியிடலாம் என்பதைச் சட்டம் சொல்கிறது, வாக்களிப்பவர்கள் எல்லோரும்தான். இங்கே யார் வேண்டுமானாலும் நிற்கலாம், வெள்ளையரும் நிற்கலாம். சட்டம் பார்ப்பதெல்லாம், ஒரு சமூகத்தின் வாக்குகள் ஒன்றுகூடி எடை பெறும்படி எல்லைக்கோடு போடப்பட்டிருக்கிறதா என்பதைத்தான். ஆகவே இங்கே சண்டை முழுக்கக் கோட்டைப் பற்றியது. அந்தக் கோட்டை ஒரு முறை இழுத்து நீட்டினார்கள், ஒரு முறை துண்டு துண்டாக வெட்டினார்கள், ஒரு முறை நீதிமன்றம் வந்து ஒட்ட வைத்தது. நிலமும் மக்களும் அப்படியேதான் இருந்தார்கள்.

முதலில் நீட்டியதைச் சொல்ல வேண்டும். அதற்கு ஜான் ராய் லிஞ்ச்சைத் தெரிந்துகொள்ள வேண்டும். 1847இல் அடிமையாகப் பிறந்தவர். உள்நாட்டுப் போர் முடிந்த பிறகு நாச்செஸ் நகரத்தில் ஒரு புகைப்பட நிலையத்தில் வேலை பார்த்தார். சந்துக்கு எதிர்ப்புறம் வெள்ளைக் குழந்தைகளின் பள்ளிக்கூடம். வேலை இல்லாத நேரத்தில், அங்கே ஆசிரியர் நடத்தும் பாடம் ஜன்னல் வழியாகக் காதில் விழுவதைக் கேட்டுக் கேட்டே நிறையக் கற்றுக்கொண்டார். அப்படிப் படித்தவர் இருபத்து நான்கு வயதில் மாநிலச் சட்டமன்றத்தின் சபாநாயகர் ஆனார். 25 வயதில், 1872இல், அமெரிக்கப் பிரதிநிதிகள் சபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். இதை எத்தனை முறை படித்தாலும் எனக்கு மயிர்க்கூச்செறிகிறது.

1875இல் துப்பாக்கியும் மிரட்டலுமாக நடந்த தேர்தலில் வெள்ளையர் கட்சியாக இருந்த அன்றைய ஜனநாயகக் கட்சி சட்டமன்றத்தைப் பிடித்தது. உடனே, 1876இல், செய்த வேலைகளில் ஒன்று தொகுதிகளை மாற்றி வரைந்தது. அப்போது மாநிலத்துக்கு ஆறு இடங்கள். கறுப்பின வாக்காளர்களில் எவ்வளவு பேரை முடியுமோ அவ்வளவு பேரையும் ஆற்றங்கரை நெடுக ஒல்லியாக ஓடும் ஒரே தொகுதிக்குள் அடைத்தார்கள். மற்ற ஐந்திலும் வெள்ளையர் பெரும்பான்மை உறுதியாயிற்று. அந்த ஆற்றோரத் தொகுதிக்கு 'ஷூ நாடா' என்று பெயர் வந்தது. அந்த ஒன்றையாவது விட்டுவைத்தார்களா என்றால் அதுவும் இல்லை. 1880இல் லிஞ்ச் அங்கே நின்றபோது அவருக்கு விழுந்த ஆயிரக்கணக்கான வாக்குகளைச் செல்லாதவை என்று தள்ளினார்கள். வாக்குச்சீட்டில் ஒரு பதவிக்கும் அடுத்த பதவிக்கும் நடுவே அச்சகத்தில் போட்ட சின்னஞ்சிறு கோடுகள் இருந்தனவாம். அவை 'அடையாளக் குறி'யாம்! லிஞ்ச் பிரதிநிதிகள் சபையில் முறையிட்டார். வழக்கு ஒன்றரை ஆண்டு இழுத்து, 1882 ஏப்ரலில் சபை அவர் பக்கம் தீர்ப்புச் சொல்லி இருக்கையைக் கொடுத்தது. அதே ஆண்டு நடந்த அடுத்த தேர்தலில் சில நூறு வாக்குகளில் தோற்றுப்போனார். அதற்குப் பிறகு மிசிசிப்பியிலிருந்து ஒரு கறுப்பினத்தவர் அந்தச் சபைக்குப் போக நூறாண்டுக்கு மேல் ஆயிற்று.

1890இல் ஜாக்சனில் கூடி ஒரு புதிய அரசமைப்புச் சட்டத்தை எழுதினார்கள். மாநிலத்தில் அப்போது கறுப்பினத்தவரே பெரும்பான்மை. சட்டத்தில் 'கறுப்பர்' என்ற சொல்லே வராமல் அவர்களை வாக்காளர் பட்டியலிலிருந்து அப்புறப்படுத்தியதுதான் அந்தக் கூட்டத்தின் சாமர்த்தியம். இரண்டு டாலர் தலைவரி கட்ட வேண்டும். அரசமைப்பின் ஒரு பகுதியைப் படிக்கவோ, படித்துக் காட்டினால் பொருள் சொல்லவோ தெரிய வேண்டும். பொருள் சரியா தவறா என்று முடிவு செய்கிறவர் பதிவாளர். எழுதிய சட்டத்தை மக்கள் வாக்குக்கும் விடவில்லை, தாங்களே நிறைவேற்றிக்கொண்டார்கள்.

கூடிய 134 பேரில் ஒரே ஒருவர் கறுப்பினத்தவர்: ஐசையா மான்ட்கோமரி. அவரும் அந்தப் பிரிவை ஆதரித்து வாக்களித்தார். அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்னால்தான் டெல்டாக் காட்டைத் திருத்தி மவுண்ட் பயூ என்ற ஊரை, முழுக்க முழுக்கக் கறுப்பினத்தவர் நிர்வகிக்கும் ஊரை, அவர் உருவாக்கியிருந்தார். வாக்கைக் கொடுத்து ஊரைக் காப்பாற்றிக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டாரா? அந்த ஊரின் நடுவே காரை நிறுத்திவிட்டு வெகுநேரம் இதையே யோசித்துக்கொண்டிருந்தேன். அவரை மன்னிக்க எனக்கு மனம் வரவில்லை. ஆனால் 1955இல் எம்மெட் டில் என்ற பதினான்கு வயதுச் சிறுவனைக் கொன்ற வழக்கு நடந்தபோது, சிறுவனின் தாய் பாதுகாப்பாகத் தங்கியது இந்த மவுண்ட் பயூவில்தான். மருத்துவர் ஹாவர்டின் வீட்டில், ஆயுதக் காவலோடு. இதையும் எழுதாமல் விட்டால் நியாயமாகாது.

அந்தக் கொலை வழக்கு நடந்த சம்னர் ஊரின் நீதிமன்றமும் இந்தத் தொகுதிக்குள்தான் இருக்கிறது. செங்கல் கட்டடம், மணிக்கூண்டு, சுற்றி நாலு கடைகள். பன்னிரண்டு வெள்ளை ஆண்கள் நடுவர்களாக உட்கார்ந்து, ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகமாகப் பேசி, குற்றவாளிகளை விடுவித்தார்கள். பன்னிரண்டு பேரும் வெள்ளையர் ஆனது தற்செயல் அல்ல. நடுவர்களை வாக்காளர் பட்டியலிலிருந்துதான் எடுப்பார்கள். அந்தக் கவுண்டியின், அதாவது நம் மாவட்டம் போன்ற பிரிவின், பட்டியலில் கறுப்பினத்தவர் ஒருவர்கூட இல்லை. வாக்கு இல்லாதவனுக்குச் சட்டமன்றத்தில் மட்டுமல்ல, நடுவர் பெட்டியிலும் இடமில்லை என்பது எனக்கு அந்த முற்றத்தில் நின்றபோதுதான் முழுதாக உறைத்தது.

அதே 1955 மே மாதம், தெற்கே பெல்சோனி ஊரில் ஜார்ஜ் லீ என்ற போதகரைக் காரில் போகும்போது சுட்டுக் கொன்றார்கள். தாம் வாக்காளராகப் பதிந்ததோடு நில்லாமல் மற்றவர்களையும் பதியச் சொல்லிக்கொண்டிருந்தவர். அவர் முகத்தில் இருந்த ஈயக் குண்டுகளைப் பல் அடைத்த உலோகமாக இருக்கலாம் என்றார் அந்தக் கவுண்டியின் ஷெரிஃப். வழக்கே பதியவில்லை.

பெல்சோனியைத் தாண்டி இண்டியனோலா. சன்ஃப்ளவர் கவுண்டியின் தலைநகர். 1962 ஆகஸ்ட் 31 அன்று ரூல்வில் ஊரிலிருந்து பழைய பஸ் ஒன்றில் பதினெட்டுப் பேர் வாக்காளராகப் பதிய இங்கே வந்து இறங்கினார்கள். அவர்களில் ஒருவர் ஃபேனி லூ ஹேமர். வயது 44. விளைச்சலில் பங்குக்கு உழும் குடும்பத்தில் இருபதாவது குழந்தை. ஆறு வயதில் பருத்தி எடுக்கத் தொடங்கியவர். தமக்கு வாக்களிக்கும் உரிமை உண்டு என்பதே அந்த மாதம் மாதா கோயிலில் நடந்த ஒரு கூட்டத்தில்தான் அவருக்குத் தெரிய வந்தது. பதிவாளர் அரசமைப்பின் ஒரு பகுதியைப் பார்த்து எழுதச் சொல்லி, பொருளும் எழுதச் சொன்னார். கேட்டதோ நடைமுறைச் சட்டம் பற்றிய ஒரு நுணுக்கமான பிரிவு. பார்த்து எழுதிவிட்டார், பொருள் சொல்ல முடியவில்லை. திரும்பும் வழியில் போலீஸ் பஸ்ஸை மறித்தது. பஸ்ஸின் மஞ்சள் நிறம் பள்ளிக்கூட பஸ் போல இருக்கிறது என்று ஓட்டுநருக்கு அபராதம் போட்டார்கள். வீட்டுக்கு வந்து சேர்ந்தால், பண்ணை முதலாளி காத்திருந்தார்: விண்ணப்பத்தைத் திரும்பப் பெற வேண்டும், இல்லையென்றால் வெளியேற வேண்டும். பதினெட்டு ஆண்டு வேலை செய்த பண்ணையிலிருந்து அன்றிரவே ஹேமர் வெளியேறினார்.

1963 ஜனவரியில் தேர்வில் தேறினார். அப்போதும் வாக்களிக்க முடியவில்லை; இரண்டு ஆண்டு தலைவரி கட்டிய ரசீது கேட்டார்கள். பதிவே இல்லாதவரிடம் ரசீது எங்கிருந்து வரும்? அதே ஆண்டு வினோனா சிறையில் அவரை அடித்த அடியில் சிறுநீரகம் பாதிக்கப்பட்டது; உடல் பிறகு தேறவே இல்லை. அப்படிப்பட்ட பெண்மணி 1964இல் இந்த இரண்டாவது தொகுதியிலேயே, 1941 முதல் உறுப்பினராக இருந்த ஜேமி விட்டனை எதிர்த்து, ஜனநாயகக் கட்சியின் உட்கட்சித் தேர்தலில் நின்றார். வாக்காளர் பட்டியலில் கறுப்பினத்தவர் நூற்றுக்கு ஏழு பேர்கூட இல்லாத மாநிலம்; தோல்வி நிச்சயம். அந்த இலையுதிர் காலத்தில் அவருடைய இயக்கம் யாரையும் தடுக்காத ஒரு மாற்றுத் தேர்தலைத் தானே நடத்தியது. ஹேமருக்கு 33,009 வாக்குகள். விட்டனுக்கு 59. சட்டத்தின் கண்ணில் அது செல்லாத தேர்தல். எனக்கு அது செல்லும்.

ரூல்வில்லில் அவருடைய சமாதி இருக்கும் சிறு பூங்காவுக்குப் போனேன். கையில் ஒலிவாங்கியோடு வெண்கலச் சிலை. சுற்றிலும் அமைதியான தெருக்கள். சோர்ந்து சோர்ந்து சலித்துப்போனதே சலித்துவிட்டது என்று அவர் சொன்ன வாக்கியத்தைக் கல்லறையில் பொறித்திருக்கிறார்கள். தொட்டுப் பார்த்தேன். வெயிலில் கல் கொதித்துக்கொண்டிருந்தது.

1965 ஆகஸ்ட் 6 அன்று வாக்குரிமைச் சட்டம் வந்தது. இரண்டே ஆண்டுகளில் மிசிசிப்பியில் தகுதியுள்ள கறுப்பினத்தவரில் சுமார் 60 சதவீதம் பேர் பட்டியலில் ஏறிவிட்டார்கள். பட்டியலைப் பூட்ட முடியாது என்று தெரிந்ததும் சட்டமன்றம் வரைபடத்தைக் கையில் எடுத்தது. 1966இல் டெல்டாவைக் குறுக்காக வெட்டி, மூன்று தொகுதிகளுக்குப் பகிர்ந்துவிட்டார்கள். ஒவ்வொரு துண்டையும் கிழக்கே உள்ள வெள்ளையர் குன்றுப் பகுதியோடு சேர்த்தார்கள். அடைத்தது போதாமல் போனபோது சிதறடித்தார்கள், அவ்வளவுதான். ஷூ நாடாவை வரைந்தவர்களும் இதை வரைந்தவர்களும் ஒரே பள்ளியில் படித்தவர்கள். இந்த வெட்டு பதினாறு ஆண்டு நின்றது.

ஒட்டியது 1982இல். மாநிலம் போட்ட வரைபடத்தை மத்திய அரசின் நீதி அமைச்சகம் ஏற்கவில்லை. மூன்று நீதிபதிகள் கொண்ட கூட்டாட்சி நீதிமன்றம் டெல்டாவை மறுபடி ஒரே தொகுதியாக்கியது. மக்கள்தொகையில் கறுப்பினத்தவர் சுமார் 54 சதவீதம். கேட்கப் பெரும்பான்மை. ஆனால் குழந்தைகளைக் கழித்துவிட்டு வாக்களிக்கும் வயதினரை மட்டும் எண்ணினால் 48 சதவீதம்தான்.

நின்றவர் ராபர்ட் கிளார்க், ஹோம்ஸ் கவுண்டி ஆசிரியர். 1967இல் மாநிலச் சட்டமன்றத்துக்குத் தேர்வானவர். அந்த நூற்றாண்டில் அங்கே நுழைந்த முதல் கறுப்பினத்தவர். இருவர் அமரும் மேசையில் பல ஆண்டு அவர் மட்டும் தனியாக உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் உட்கார ஒருவரும் இல்லை. அவரை எதிர்த்த வெப் ஃபிராங்க்ளினின் தொலைக்காட்சி விளம்பரம் உள்நாட்டுப் போரில் அடிமை முறையைக் காக்கப் போரிட்ட தென்மாநிலக் கூட்டமைப்பின் படைவீரர் நினைவுச்சின்னத்தைக் காட்டித் தொடங்கியது. 'இவர் நம்மவர்' என்பது அவருடைய முழக்கம். யார் நம்மவர், யார் இல்லை என்று விளக்க வேண்டிய அவசியம் மிசிசிப்பியில் இல்லை. கிளார்க் சில ஆயிரம் வாக்குகளில் தோற்றார். 1984இல் நீதிமன்றம் கறுப்பினத்தவர் பங்கை 58 சதவீதமாக உயர்த்திக் கோட்டை மறுபடி வரைந்தது. கிளார்க் மறுபடி நின்றார், மறுபடி தோற்றார்.

பெரும்பான்மை இருந்தும் ஏன் என்று கேட்பவர்கள் அந்தக் காலத்து நடைமுறையைப் பார்க்க வேண்டும். மாநகராட்சித் தேர்தலுக்கு ஒரு பதிவு, மற்றத் தேர்தல்களுக்கு இன்னொரு பதிவு. இரண்டாவதற்குக் கவுண்டித் தலைநகருக்கு, அலுவலக நேரத்தில் போக வேண்டும். கார் இல்லாத கூலிக்காரருக்கு அது ஒரு நாள் சம்பளம். 1890களில் போட்ட இந்த இரட்டைப் பதிவை நீதிமன்றம் ரத்து செய்ததே 1987இல்தான். ஒரு சதவீதக் கணக்கை வைத்துக்கொண்டு 'உங்களுக்குத்தான் பெரும்பான்மை ஆயிற்றே' என்பவர்களிடம் எனக்குப் பொறுமை இல்லை.

1986இல் யாஸூ நகரத்து வழக்கறிஞர் மைக் எஸ்பி, 32 வயதில், அதே ஃபிராங்க்ளினைத் தோற்கடித்தார். லிஞ்ச்சுக்குப் பிறகு முதல் ஆள். பண்ணைகள் கடனில் மூழ்கிக்கொண்டிருந்த நேரம் அது. வெள்ளை விவசாயிகளிலும் ஒரு சிறு பகுதியினர் அவருக்கு வாக்களித்தார்கள். கெளுத்தி மீனை ராணுவத்துக்கு விற்க வழி செய்தார். அடுத்த தேர்தலில் எளிதாக வென்றார். 1993இல் கிளிண்டன் அவரை வேளாண் அமைச்சராக்கவே, இடைத்தேர்தலில் பென்னி தாம்சன் வந்தார். போல்டன் என்ற சிற்றூரின் மேயராக இருந்தவர். 2021 ஜனவரி 6 அன்று நாடாளுமன்றக் கட்டடம் தாக்கப்பட்டதை விசாரித்த குழுவுக்குத் தலைவர் இவர்தான். முதல் பொது விசாரணையைத் தொடங்கும்போது, அடிமை முறையையும் கும்பல் கொலைகளையும் நியாயப்படுத்திய ஒரு பகுதியிலிருந்து தாம் வருவதாகச் சொன்னார். பெல்சோனி, சம்னர், வினோனா என்று ஊர் ஊராகப் பார்த்துவிட்டு வந்த எனக்கு, அந்த ஒரு வாக்கியத்தில் எவ்வளவு அடங்கியிருக்கிறது என்று தெரிகிறது.

டெல்டாவில் என்னை மிகவும் உறுத்தியது வேறொன்று. ஊர்கள் காலியாகிக்கொண்டிருக்கின்றன. 1944இல் கிளார்க்ஸ்டேல் பக்கத்து ஹாப்சன் பண்ணையில் பருத்தி எடுக்கும் இயந்திரத்தை ஊர் கூட்டிக் காட்டினார்கள். பல பேரின் வேலையை ஒரு வண்டி செய்தது. ஆட்கள் ரயிலேறிச் சிகாகோ போனார்கள். கைக்கு வேலை இருந்த காலத்தில் வாக்கு இல்லை. வாக்கு வந்தபோது வேலை இல்லை. பலகை அடித்த கடைவீதிகள் வழியாகக் கார் ஓட்டிக்கொண்டு போவது துக்க வீட்டுக்குள் நடப்பது போல இருந்தது. பார்ச்மன் சிறைச்சாலை மட்டும் சாலையோரம் மைல் கணக்கில் விரிந்து கிடக்கிறது. அங்கே அடைபட்டவர்களை மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அந்த இடத்து மக்களாகவே எண்ணுகிறது. ஆனால் பட்டியலிட்ட குற்றங்களில் தண்டனை பெற்றவர்களுக்கு வாக்கு இல்லை. அந்தப் பட்டியலின் வேரும் 1890 அரசமைப்பில்தான்.

2010க்கும் 2020க்கும் இடையில் மட்டும் தொகுதி சுமார் 65,000 பேரை இழந்தது. எல்லாத் தொகுதிகளிலும் மக்கள்தொகை சமமாக இருக்க வேண்டும்; ஆகவே கோடு வெளியே நகர்ந்தாக வேண்டும். ஜாக்சன் இருக்கும் ஹைண்ட்ஸ் கவுண்டியின் மீதிப் பகுதியைச் சேர்த்தால் போதும் என்று தாம்சனும் கறுப்பின உரிமை அமைப்பினரும் கேட்டார்கள். சட்டமன்றம் கேட்கவில்லை. 2013இல் உச்ச நீதிமன்றம் வாக்குரிமைச் சட்டத்தின் முன் அனுமதிப் பிரிவைச் செயலிழக்கச் செய்திருந்ததால், மத்திய அரசைக் கேட்க வேண்டிய அவசியமும் இல்லை. 2022 ஜனவரியில் சட்டமான வரைபடம் தென்மேற்கு மூலையில் ஆடம்ஸ், அமீட், ஃபிராங்க்ளின், வில்கின்சன் ஆகிய நான்கு கவுண்டிகளைச் சேர்த்தது. வடக்கே டியூனிகாவிலிருந்து தெற்கே லூசியானா எல்லை வரை, ஏறக்குறைய மாநிலத்தின் மேற்கு விளிம்பு முழுவதும் இன்று ஒரே தொகுதி. முதல் நாள் இரவு வரைந்து முடித்துவிட்டு, காகிதத்தைக் கையில் தூக்கிப் பார்த்தபோது எனக்கு 1876தான் ஞாபகம் வந்தது. நோக்கம் அதேதானா என்று கேட்டால் இல்லை என்பார்கள். நீளம் அதே மாதிரிதான் இருக்கிறது.

மூன்றாம் நாள் 61ஆம் நெடுஞ்சாலையில் விக்ஸ்பர்க் தாண்டி நாச்செஸ் போய்ச் சேர்ந்தேன். லிஞ்ச்சின் ஊர்; ஆடம்ஸ் கவுண்டி. 2022 நவம்பரில், புதிய கோட்டின்படி நடந்த முதல் தேர்தலில், இந்த ஊர்க்காரர்களின் வாக்குகள் டெல்டாக்காரர்களின் வாக்குகளோடு சேர்ந்து எண்ணப்பட்டன. தாம்சன் சுமார் 60 சதவீதம் பெற்று வென்றார். நகரம் ஆற்றுக்கு மேலே உயரமான மேட்டில் இருக்கிறது. மேட்டின் விளிம்பில் ஒரு மர இருக்கையில் உட்கார்ந்து வரைபடத்தை மடித்தேன். மடிப்பில் பென்சில் கோடு அழிந்து கையில் ஒட்டிக்கொண்டது. எதிர்க்கரையில் விடேலியா தெரிந்தது. அதன் பக்கத்துப் பண்ணையில்தான் லிஞ்ச் பிறந்தார். நடுவே ஆறு, பழுப்பு நிறத்தில், சத்தமில்லாமல் தெற்கே போய்க்கொண்டிருந்தது.